ஏலகிரியில் மூன்று இரவு, பேசாமல் 24 பேர்

வியாழன்

கத்தோலிக்க ஆண்களுக்காக நாங்கள் ஏலகிரி மலையில் நடத்தும் மௌனத் தியானத்துக்கு வருகிறவர்களுக்கும் அதை நடத்துகிறவர்களுக்குமான குறிப்பு இது. வேலூரிலிருந்து ஏலகிரிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரியில் மலைப்பாதை தொடங்குகிறது. ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கலாம். திருப்பத்தூரிலிருந்து மேலே பேருந்து உண்டு. தியானம் மாலை 6 மணிக்கு என்றால் 4 மணிக்கே வந்து சேர்ந்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் ஓடிவந்து உட்காருகிறவருக்கு முதல் இரவு முழுவதும் உடம்பு மட்டும்தான் இங்கே இருக்கும், மனசு இன்னும் வண்டியிலேயே இருக்கும்.

ஆம்பூரில் இறங்கிப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு மலையேறலாம் என்று யாராவது சொல்வார்கள். இன்று வேண்டாம். வயிறு நிறைந்த பிறகு 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் பலருக்குக் குமட்டும், குமட்டாதவருக்கு முதல் அமர்விலேயே கண் சொருகும். இரண்டு இட்லியோ ஒரு தயிர்ச்சாதமோ போதும். வளைவுகளுக்குப் பாரி, காரி, ஓரி என்று வள்ளல்களின் பெயரும் புலவர்களின் பெயரும் வைத்திருக்கிறார்கள். இயேசுவின் பாடுகளை நினைத்துச் செபிக்கும் சிலுவைப்பாதையின் நிலைகளும் 14. வளைவுக்கு ஒரு நிலையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஏறினால் மேலே போய்ச் சேர்வதற்குள் வண்டியில் பேச்சு தானாக அடங்கிவிடும்.

பழைய கத்தோலிக்க வீடுகளில் இதற்கு ‘ஞான ஒடுக்கம்’ என்று பெயர். இப்போது ‘தியானம்’ என்றுதான் பலரும் சொல்கிறோம். பாட்டும் பிரசங்கமுமாக ஆயிரம் பேர் கூடும் நிகழ்ச்சியும் தியானம், இதுவும் தியானம் என்பதால் புதிதாக வருகிறவர் குழம்பிப்போகிறார். பேர் கொடுக்கும்போதே அவரிடம் விளக்கிவிட வேண்டும்: இங்கே வியாழன் இரவு முதல் ஞாயிறு காலை வரை யாரும் பேச மாட்டார்கள், பிரசங்கம் ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் 20 நிமிடம், மீதி நேரம் அவரும் ஆண்டவரும்தான்.

இந்த முறை 24 பேர். ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலை ஊழியர்கள், ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர்கள், ஆரணி நெசவாளர்கள், சேத்துப்பட்டுப் பக்கத்து விவசாயிகள், ரயில்வேக்காரர்கள், ஆசிரியர்கள், ஓர் ஆட்டோ ஓட்டுநர். பங்குகளில், அதாவது ஒரே கோயிலைச் சேர்ந்த சமூகங்களில், நம் ஆண்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிவார்கள். தேர்த் திருவிழா வசூல், மைக் செட், கல்லறைத் தோட்டத்துச் சுவர் என்று இருபது வருடமாகச் சேர்ந்து ஓடியிருப்பார்கள். ஆனால் பக்கத்தில் நிற்கிறவர் எதைச் சுமந்துகொண்டு நிற்கிறார் என்பது தெரியாது. பேசிப் பேசித் தெரியாமல் போன அந்த ஒன்று இந்த மூன்று நாளில், பேசாமல் இருப்பதால் தெரியவருகிறது. இந்தத் தியானத்தை வருடந்தோறும் விடாமல் நடத்த வேண்டும் என்று நாங்கள் நினைப்பது இதற்காகத்தான்.

கொண்டுவர வேண்டியவை: அச்சிட்ட விவிலியம் (கைபேசியில் இருப்பது உதவாது), 80 பக்க நோட்டு, இரண்டு பேனா, போர்வை, ஒரு ஸ்வெட்டர், சின்ன டார்ச், கைக்கடிகாரம். கடிகாரத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கைபேசியை வாங்கி வைத்துவிட்டால் மணி தெரியாமல் தவிப்பார்கள். செருப்பு சத்தம் போடாததாக இருக்கட்டும், விடியற்காலை தாழ்வாரத்தில் ஒருவரின் ரப்பர் செருப்பு பத்துப் பேரை எழுப்பிவிடும். காதில் வைக்கப் பஞ்சும் கொண்டுவாருங்கள். குறட்டை விடுகிறவர் முன்னாலேயே சொல்லிவிட்டால் கூடத்தின் கடைசிக் கட்டில்களை ஒதுக்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பக்திப் புத்தகங்களை மூட்டையாகக் கொண்டுவர வேண்டாம். செபிக்க முடியாத நேரத்தில் கை தானாகப் புத்தகத்துக்குப் போகும், அப்புறம் மூன்று நாளும் வாசிப்பிலேயே கழிந்துவிடும்.

உடல்நிலையைப் பேர் கொடுக்கும் தாளிலேயே எழுதி வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் நான்கு நாள் மாத்திரையோடு வர வேண்டும். மனநல மருந்து சாப்பிடுகிறவர் ‘ஆண்டவர் பார்த்துக்கொள்வார்’ என்று அதை நிறுத்திவிட்டு வரக் கூடாது. வீட்டில் அண்மையில் சாவு நடந்தவர் வரலாம், வழிநடத்தும் அருட்தந்தைக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது குடி. மகனை, கணவனை, ‘தியானத்துக்குப் போனால் விட்டுவிடுவார்’ என்று அனுப்பிவைக்கும் குடும்பங்கள் உண்டு. தினமும் நிறையக் குடிக்கிற ஒருவர் திடீரென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் நினைவு தடுமாறி, இல்லாததைப் பார்க்கும் நிலை வந்தால் உயிருக்கே ஆபத்து. மலையுச்சியில் இரவு 2 மணிக்கு அதைச் சமாளிக்க முடியாது. அப்படிப்பட்டவர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வேலூர்க்காரர்களுக்குப் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. உடம்பு தேறிய பிறகு அடுத்த தியானத்துக்கு வரட்டும், கட்டில் காத்திருக்கும்.

கைபேசி: சைலன்ட்டில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன் என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். அதிர்வு ஒன்று போதும், ஒரு மணி நேரச் செபம் அதோடு முடிந்துவிடும். பேர் எழுதிய துணிப்பையில் அணைத்துப் போட்டு ஒரே பெட்டியில் பூட்டிவிட வேண்டும். ‘வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால்?’ என்ற பயம் நியாயமானது. அதற்கு விடை சொல்லாமல் கைபேசியை வாங்கினால் மனசு பெட்டிக்குள்ளேயே கிடக்கும். ஒருங்கிணைப்பாளர் ஒருவரின் எண்ணை எல்லா வீடுகளுக்கும் கொடுத்து, அந்த ஒரு கைபேசி மட்டும் அலுவலக அறையில் இருக்கும். மதியம் 1.30-க்கும் இரவு 7.30-க்கும் அவர் பார்ப்பார், அவசரம் என்றால் உடனே வந்து சொல்வார், செய்தி ஏதும் இல்லை என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம். இதை எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொன்னால் போதும்.

8.30-க்கு இரவுச் செபம். அதன் முடிவில் மௌனத்தின் எல்லையைச் சொல்ல வேண்டும். வாய் மட்டும் மூடினால் போதாது. சைகையில் பேசுவதும், சீட்டு எழுதி நீட்டுவதும், எதிரே வருகிறவரின் முகத்தைத் தேடிப் பிடித்துப் புன்னகைப்பதும் பேச்சுதான். பார்வையைத் தாழ்த்தி வழிவிட்டுப் போவது அவமதிப்பு இல்லை, ‘நீ உன் ஆண்டவரோடு இரு, நான் குறுக்கே வரவில்லை’ என்பது அதன் பொருள். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், ‘அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார், என்ன கோபமோ’ என்று இரண்டாம் நாள் முழுவதும் ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பார்.

கடைசியாக ஒரு தட்டில் 24 பேரின் பெயரும் எழுதிய சீட்டுகள். ஆளுக்கு ஒன்று எடுக்கிறார்கள். சீட்டில் உள்ளவருக்காக மூன்று நாளும் ஒவ்வொரு செபத்திலும் ஒரு நிமிடம். யார் பெயர் என்று யாருக்கும் சொல்லக் கூடாது, கடைசி நாளும் சொல்லக் கூடாது.

வெள்ளி

5.30-க்கு மணி. 6-க்கு மூவேளை செபமும் காலைச் செபமும், 6.30-க்கு முதல் தனிச்செபம். நாளில் நான்கு தனிச்செபம், ஒவ்வொன்றும் முழு ஒரு மணி நேரம்.

இந்த முறைக்கு மூலம் சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். 1521-இல் ஸ்பெயினின் பம்பலோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து படுத்த படைவீரர், தேறிய பிறகு மன்ரேசா ஊரில் ஏறத்தாழ ஒரு வருடம் தங்கிச் செபித்து எழுதத் தொடங்கிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’தான் இது. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். முழுப் பயிற்சி 30 நாள், நான்கு ‘வாரங்களாக’ நடக்கும். மூன்று நாளில் அதைச் சுருக்கித் திணிக்க முயல்வது பெரிய தவறு. முதல் வாரத்தின் பொருளோடு, அதாவது படைத்தவரின் அன்பு, என் பாவம், அதைவிடப் பெரிய இரக்கம் என்பதோடு நின்றுவிட்டு, கடைசியில் உயிர்த்த ஆண்டவரின் ஒரு காட்சியைப் பார்ப்பது போதும். நிறைய அறிவது ஆன்மாவை நிரப்பாது, உள்ளுக்குள் உணர்ந்து சுவைப்பதே நிரப்பும் என்பது அவரே தொடக்கத்தில் சொல்லும் எச்சரிக்கை.

ஒரு மணி நேரத்தை எப்படிச் செபிப்பது? முந்தின இரவே பகுதியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், 8 முதல் 12 வசனத்துக்கு மேல் வேண்டாம். இன்றைக்குத் திருப்பாடல் 139-இன் தொடக்கம். உட்காரும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னால் நில்லுங்கள், ஒரு ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ சொல்லும் நேரம். ஆண்டவர் என்னைப் பார்க்கிறார் என்பதை மட்டும் நினையுங்கள். பிறகு ஒரு வணக்கம், உட்காருங்கள். என்ன வேண்டுமென்று அவரிடம் கேளுங்கள், ஒரே வாக்கியத்தில். பகுதியை மெதுவாக இரண்டு தடவை வாசியுங்கள். ஒரு சொல் பிடித்து நிறுத்தினால் அங்கேயே நில்லுங்கள், அது வற்றும்வரை அடுத்த வசனத்துக்குப் போக வேண்டாம். மணி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, நண்பனிடம் நண்பன் பேசுவதைப் போல ஆண்டவரிடம் நேராகப் பேசி, அதே ‘பரலோகத்தில் இருக்கிற’ செபத்தோடு முடியுங்கள். அதன்பின் வேறு இடத்துக்குப் போய் 15 நிமிடம் நோட்டில் எழுதுங்கள்: எங்கே மனசு இளகியது, எங்கே வறண்டது. அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

முதல் இடறல், தூக்கம். உழைக்கிற ஆண்கள் வருடக்கணக்கில் தூக்கம் பாக்கி வைத்திருக்கிறார்கள், மௌனம் வந்தவுடன் உடம்பு தன் கணக்கை வசூல் செய்கிறது. இதைப் பாவம் என்று நினைத்து வருந்த வேண்டாம். முதல் நாள் மதியம் ஒன்றரை மணி நேரம் படுத்துத் தூங்க அட்டவணையிலேயே இடம் கொடுங்கள். செபத்தில் கண் சொருகினால் எழுந்து நில்லுங்கள், அல்லது மெல்ல நடங்கள். முழங்காலில்தான் செபிக்க வேண்டும் என்றில்லை. எந்த நிலையில் மனசு நிற்கிறதோ அந்த நிலையில் இருக்கச் சொன்னவர் இஞ்ஞாசியார்.

இரண்டாவது இடறல் நம் பங்குகளில் வாசகம் வாசிப்பவர்களுக்கும், மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார்களுக்கும், அன்பியம் என்னும் சிறு குழுக்களின் பொறுப்பாளர்களுக்கும் வருவது. பகுதியைத் திறந்த உடனே ‘இதை ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சொல்லலாம்’ என்று மனசு பிரசங்கம் கட்டத் தொடங்கிவிடும். பாவம் என்ற இடத்தில் மைத்துனர் ஞாபகம், மன்னிப்பு என்ற இடத்தில் பங்குப் பேரவைச் செயலாளர் ஞாபகம். இது வந்தால் செய்ய வேண்டியது ஒன்றே. வசனத்தில் ‘நாம்’, ‘மக்கள்’ என்று வருமிடமெல்லாம் ‘நான்’ என்று போட்டு, வாய்க்குள் மீண்டும் சொல்லுங்கள். பிரசங்கம் அறுந்துவிடும்.

காலை உணவுக்கு உப்புமா. மதியம் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், முள் கத்தரிக்காய்க் குழம்பு, மோர். தவக்கால வெள்ளி ஆதலால் புலால் இல்லை. 14 வயது நிறைந்த எல்லோருக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டு. ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழு உணவு) திருச்சட்டப்படி சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான், அதுவும் 18 வயதிலிருந்து 59 வரை. இன்று தானாக விரும்பிச் சாப்பிடாமல் இருக்க நினைக்கும் சர்க்கரை நோயாளியை ஒருங்கிணைப்பாளர் தடுக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார்.

சாப்பாட்டு மேசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு மேசைக்கு ஆறு பேர், நான்கு மேசை. ஒருவர் நின்று வாசிக்கிறார். இந்த முறை புனித தேவசகாயத்தின் வாழ்க்கை. திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்தவர், மனைவி உள்ளவர், 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுடப்பட்டவர், 2022 மே 15-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பொதுநிலையினர். குடும்பஸ்தர்களுக்கு நடுவே வாசிக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை. மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுகிறார்கள். விதி ஒன்றுதான்: உங்களுக்கு வேண்டியதை நீங்கள் கேட்கக் கூடாது, பக்கத்துத் தட்டை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். உணவு வேளையில் சகோதரர்கள் ஒருவருக்கொருவர் வேண்டியதை எடுத்துக் கொடுக்க வேண்டும், யாரும் எதையும் கேட்க வேண்டிய நிலை வரக் கூடாது என்று புனித பெனடிக்ட் தம் சபை ஒழுங்கின் 38-ஆம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். 1,500 வருடத்துப் பழக்கம் இது.

வெள்ளி காலையில் இது பிசகும். சட்னி ஒரு மூலையிலேயே நிற்கும், ஒருவர் வெறும் உப்புமா சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். வீட்டில் பரிமாறப்பட்டே பழகிய ஆண்களுக்கு அடுத்தவர் தட்டைப் பார்க்கும் கண் உடனே வராது. மதியம் ஒருவர் கவனிக்கத் தொடங்குவார். இரவுக்குள் தண்ணீர்ச் சொம்பு கேட்காமலே மேசை சுற்றி வரும். களிக்குக் குழம்பு குறைந்தவருக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வாளி நகர்ந்து வரும். உதவி செய்ததை அறிவிக்க வழியில்லை, நன்றி சொல்லவும் வழியில்லை. அதனால் கணக்கு சேராது. தியான உறவு முதலில் பிறப்பது கோயிலில் அல்ல, இந்த மேசையில்தான் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வோம்.

பாத்திரம் கழுவ ஒரு வேளைக்கு நான்கு பேர்: இருவர் தேய்க்க, ஒருவர் அலச, ஒருவர் துடைத்து அடுக்க. பட்டியலைச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். முறை தெரியாவிட்டால் யாராவது பேச வேண்டி வரும். பெல் பொறியாளரும் தோல் தொழிற்சாலைத் தொழிலாளியும் ஒரே அண்டாவை இரு பக்கமும் பிடித்துக் கவிழ்க்கும்போது யார் எந்தப் பதவி என்பதைக் கேட்க வாயில்லை. மௌனத்தில் ‘சார்’ என்று கூப்பிடவும் முடியாதல்லவா.

மாலை 4-க்குச் சிலுவைப்பாதை, தோட்டத்தில். நிலைக்கு மூன்று நிமிடம், சிலுவையை ஒவ்வொரு நிலையிலும் வேறு ஒருவர் தூக்குகிறார். மரச்சிலுவை ஒருவர் தனியாகச் சுமக்க முடியாத எடையில் இருப்பது நல்லது, இரண்டாமவர் சொல்லாமலே வந்து தோள் கொடுப்பார்.

சனி

நேற்று மாலையிலிருந்து சிலர் முகம் வாடியிருக்கும். இரண்டாம் நாள் மதியத்துக்குள் பெரும்பாலும் எல்லோரும் இந்த வறட்சியைத் தொடுவார்கள். புதுமை தீர்ந்துவிட்டது, தூக்கம் தீர்ந்துவிட்டது, இனி மறைக்க ஒன்றுமில்லை. தீராத கடன், பேசாமல் போன அண்ணன், மகளிடம் கத்தியது, எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வரும். ‘எனக்கு இது ஒத்துவராது, மதியப் பேருந்தில் இறங்கிவிடலாம்’ என்ற எண்ணம் சரியாக இந்த நேரத்தில்தான் வரும். காரணம் மிக நியாயமாக இருக்கும்: கடையில் சரக்கு வருகிறது, பம்புசெட்டுக்கு ஆள் வருகிறார்.

இதற்கு இஞ்ஞாசியாரின் விதி நேரானது. முன்பு எடுத்த முடிவை வறட்சி நேரத்தில் மாற்றாதே. முந்தின தெளிவில் எதைத் தீர்மானித்தாயோ அதிலே நில். ஒரு மணி நேரம் இருக்க முடியவில்லை என்று தோன்றினால் ஐந்து நிமிடம் கூடுதலாக இரு. வறட்சிக்கு அவர் மூன்று காரணம் சொல்கிறார்: நம் சோம்பல், நாம் எவ்வளவு தூரம் வருவோம் என்ற சோதனை, ஆறுதல் நம் சம்பாத்தியம் அல்ல, கொடை என்று கற்பிப்பது. எது தனக்குப் பொருந்தும் என்று தனியே முடிவுகட்ட வேண்டாம், வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

வழிகாட்டியைச் சந்திப்பது மௌனத்தை உடைப்பதாகாது. ஆளுக்குத் தினமும் 20 நிமிடம். 24 பேருக்கு மூன்று வழிகாட்டிகள் இருந்தால் ஆளுக்கு எட்டுப் பேர், 160 நிமிடம். ஒரே அருட்தந்தையை வைத்து நடத்தினால் அவரால் முடியாது, வரிசையில் நிற்கிறவருக்கும் அவசரம் தொற்றிக்கொள்ளும். இந்தச் சந்திப்பில் பாவங்களைச் சொல்ல வேண்டியதில்லை. செபத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் நோட்டைப் பார்த்துச் சொன்னால் போதும்.

பாவசங்கீர்த்தனம், அதாவது அருட்தந்தையிடம் பாவத்தை அறிக்கையிடுவது, தனி. இன்று 10.30-க்குத் தொடங்குகிறது. ஆளுக்கு 10 நிமிடம் என்றால் 24 பேருக்கு நான்கு மணி நேரம், இரண்டு அருட்தந்தையர் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம். அவர்களில் ஒருவராவது யாருக்கும் அறிமுகமில்லாத வெளியூர்க்காரராக இருக்கட்டும். சொந்தப் பங்குத்தந்தையிடம் சொல்லக் கூச்சப்பட்டே வருடக்கணக்கில் தள்ளிப்போட்டவர்கள் பலர். முகம் தெரியாமல் சொல்லத் திரையும், எதிரே உட்கார்ந்து சொல்ல நாற்காலியும் இரண்டும் வேண்டும். 15 வருடம் ஆயிற்று, செபம் மறந்துவிட்டது என்றால் அதையே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், மீதிக்கு அவர் கைபிடித்து அழைத்துப் போவார். தாளில் எழுதிக்கொண்டு போகலாம், திரும்பி வந்ததும் அடுப்பில் போட்டுவிட வேண்டும்.

அழுகை வரும். ஐம்பது வயது ஆள் கடைசி பெஞ்சில் குனிந்து குலுங்குவார். பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வது? தோளைத் தொடாதீர்கள். ‘என்னண்ணே’ என்று கேட்காதீர்கள், கேட்டால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘ஒன்னுமில்லப்பா’ என்று சொல்லி உள்ளே மூடிக்கொள்வார். எழுந்து போகவும் வேண்டாம். அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருங்கள், அவர் எழும்வரை. முடிந்தால் ஒரு டம்ளர் தண்ணீரைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். ஆண்கள் ஒருவருக்கொருவர் செய்யத் தெரியாமல் போன உபகாரம் இது, யோசனை சொல்லாமல் கூட இருப்பது.

இரவு 9 முதல் காலை 5 வரை நற்கருணை ஆராதனை, அதாவது இயேசுவின் உடலாக வணங்கும் அப்பத்தின் முன் செபம். எட்டு மணி நேரம், 480 நிமிடம். 24 பேர் 12 ஜோடி, ஜோடிக்கு 40 நிமிடம், கணக்கு சரியாக நிற்கிறது. பட்டியலில் பெயரோடு கட்டில் எண்ணும் எழுதிக் கோயில் வாசலில் ஒட்ட வேண்டும், இருட்டில் ஆளைத் தேட முடியாது. முறை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜோடியில் ஒருவர் டார்ச்சோடு போய் அடுத்த இருவரின் பாதத்தைத் தொட்டு எழுப்புவார். பெயர் சொல்லி எழுப்பக் கூடாது. வயதானவர்களுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் முதல் முறையையோ கடைசி முறையையோ கொடுங்கள். நடுநிசி 1-இலிருந்து 3 வரை இரவு ஷிப்ட் பழகியவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அவர்கள் அதைச் சந்தோஷமாகவே செய்கிறார்கள்.

சிலசமயம் அடுத்த ஜோடி எழாது. எழுந்து முகம் கழுவப் போனவர் திரும்பப் படுத்திருப்பார். ஆராதனைக்காக வெளியே எடுத்து வைத்த நற்கருணையைத் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆகவே முந்தின ஜோடி உட்கார்ந்திருக்கும், இன்னொரு 40 நிமிடம். யார் எழவில்லை, யார் கூடுதலாக இருந்தார் என்று காலையில் யாரும் விசாரிப்பதில்லை. ஸ்வெட்டர் இல்லாமல் முழங்காலில் இருப்பவர் மேல் பின்னாலிருந்து ஒரு போர்வை வந்து விழும். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

ஞாயிறு

இரவு விழித்ததால் இன்று மணி 6.30-க்கு. கடைசித் தனிச்செபம் யோவான் 21, திபேரியக் கடற்கரை. விடியற்காலை, கரி நெருப்பு, அதன்மேல் மீன், அப்பம். ‘வாருங்கள், உணவருந்துங்கள்’ என்கிறார் ஆண்டவர். சீடர் ஏழு பேர், ஒருவரும் ‘நீர் யார்’ என்று கேட்கத் துணியவில்லை, ஆண்டவர்தான் என்று தெரிந்திருந்தது. இரண்டரை நாள் பேசாமல் ஒரே மேசையில் சாப்பிட்டவர்களுக்கு இந்த இடத்தில் விளக்கவுரை தேவைப்படாது.

திருப்பலி 8.30-க்கு. அதன் பிறகு மௌனத்தைத் திறக்க வேண்டும், இதில்தான் பல தியானங்கள் தடுமாறுகின்றன. ‘இப்போது பேசலாம்’ என்று அறிவித்துவிட்டுக் கைபேசிப் பெட்டியையும் திறந்தால் பத்து நிமிடத்தில் கிரிக்கெட், கல்யாணம், பங்கு அரசியல் என்று கூடம் இரையும். மூன்று நாள் சேர்த்தது அந்தப் பத்து நிமிடத்தில் கொட்டிப்போகும்.

படிப்படியாகத் திறவுங்கள். முதலில் ஆறு பேர் கொண்ட அதே சாப்பாட்டு மேசைகள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் மூன்று நிமிடம், தன் செபத்தில் நடந்ததில் சொல்ல விரும்பியதை மட்டும். குறுக்கே பேச்சு இல்லை, ஆலோசனை இல்லை, ‘எனக்கும் அப்படித்தான்’ இல்லை. பிறகு மூன்று நிமிடம் மௌனம். இரண்டாம் சுற்று, மற்றவர் சொன்னதில் என்னைத் தொட்டது எது. மறுபடி மௌனம். மூன்றாம் சுற்றில்தான் கலந்து பேசுவது. 2023 அக்டோபரில் உரோமையில் நடந்த ஆயர் மாமன்றம் வட்ட மேசைகளில் இதே மூன்று சுற்று முறையைத்தான் கடைப்பிடித்தது. கடிகாரம் பார்க்க ஒருவரை நியமியுங்கள். பேச விரும்பாதவர் ‘நன்றி’ என்று சொல்லித் தன் முறையைக் கடத்திவிடலாம், யாரும் வற்புறுத்தக் கூடாது. மேசையில் கேட்டது மேசையோடு. இதை வாக்காகவே எல்லோரிடமும் வாங்க வேண்டும். நம் ஊர்கள் சின்னவை, ஒரு சொல் வெளியே போனால் அந்த மனிதர் அப்புறம் எந்தத் தியானத்துக்கும் வர மாட்டார்.

மதியச் சாப்பாடு பேச்சோடு. அதுவும் முடிந்த பிறகுதான் கைபேசிப் பை.

கீழே இறங்கும்போது: இரவு விழித்தவர் பைக் ஓட்டக் கூடாது, பின்னால் உட்காரட்டும். இறக்கத்தில் எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டுமே மிதித்து வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். வீட்டில் போய்ச் சேர்ந்த உடனே மூன்று நாள் அனுபவத்தையும் மனைவியிடம் கொட்டாதீர்கள், மனைவி மூன்று நாள் வீட்டைத் தனியே பார்த்துக்கொண்டவர். முதலில் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் நடந்தால் இந்த உறவு ஆறு மாதத்தில் மங்கிவிடும். சலேசியர் சபையை நிறுவிய தொன் போஸ்கோ தம் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளுக்கு மாதம் ஒரு நாள் நன்மரண ஆயத்தம் (நல்ல சாவுக்குத் தன்னைத் தயார்செய்யும் செபம்) வைத்தார். 1952-இல் உருவாகி சலேசியர் பொறுப்பில் வளர்ந்த வேலூர் மறைமாவட்டத்தில் பெரியவர்கள் பலருக்கு அந்தப் பழக்கம் நினைவிருக்கும். அதையே ஒரு மணி நேரமாகச் சுருக்கிச் செய்யலாம். மாதத்தின் முதல் ஞாயிறு, காலைப் பூசை முடிந்த பிறகு, நான்கு அல்லது ஐந்து பேர். 20 நிமிடம் நற்கருணை முன் மௌனம், 15 நிமிடம் கடந்த மாதத்தை ஆன்ம சோதனையாகப் பார்ப்பது, மீதி 25 நிமிடத்தில் ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம், மேசையில் பேசிய அதே ஒழுங்கில். வாட்ஸ்அப் குழு தொடங்க வேண்டியதில்லை, தொடங்கினால் இரண்டாம் வாரமே பூ படமும் காலை வணக்கமும் வந்து நிறைந்துவிடும். அடுத்த கூடுகையின் தேதியையும் மணியையும் இறங்குவதற்கு முன்பே நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் வரவில்லை என்றால் அன்று மாலையே யாராவது ஒருவர் அவர் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.